இது யாருடைய கூற்று?



பல்கலைக்கழக வினாத்தாள்களில் 'விமர்சன நோக்கில் ஆராய்க' என்றொரு கட்டளை அடிக்கடி வரும். அதைக் காணும் மாணவர் பலர், 'குற்றம் கண்டுபிடி' என்பதே அதன் பொருள் எனக் கொள்கின்றனர். பெற்றோரோ, 'எதையும் நம்பாதே என்றல்லவா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கின்றார்கள்!' என்று கலங்குகின்றனர். இரண்டும் அச்சொல்லின் பொருள் அல்ல. ஆங்கிலத்தில் 'கிரிட்டிக்கல்' என வழங்கும் இச்சொல், 'கிரினேயின்' என்னும் கிரேக்க வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. பிரித்தறிதல், தீர்ப்பிடுதல் என்பன அதன் பொருள்கள். முறத்தை எடுத்துப் புடைக்கின்ற பெண், அரிசியின்மீது பகைகொண்டு புடைக்கின்றாள் என எவரும் சொல்வதில்லை. கல்லையும் உமியையும் நீக்கினாலன்றி உலை வைக்க இயலாது. விமர்சன வாசிப்பு என்பது ஏறக்குறைய இத்தகைய முறத்து வேலைதான்.

இப்பொருளைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயின் கவலை. அவருடைய கணவர் கட்டடக் கொத்தனார். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவர்களுடைய மகள் ஒருத்தியே. இப்போது வெளியூரில் வரலாற்றுப் பாடத்தில் முதுகலை பயில்கின்றாள். ஒருநாள் மாலைப் பூசைக்குப் பின் அத்தாய் நம்மிடம் வந்து, "சாமி, பன்னிரண்டாம் வகுப்பு வரையில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கின பிள்ளை. இப்போது, 'எனக்கு மூளை இல்லையம்மா, ஊருக்கே வந்துவிடுகின்றேன்' என்று அழுகின்றாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். விடுமுறைக்கு வந்த மகளும், திருத்தித் தரப்பட்ட தன் கட்டுரையை எடுத்து வந்து காட்டினாள். ஒரு நூலை வாசித்து, அதன் ஆசிரியர் நிலைநாட்டும் கருத்தை எழுதுமாறு கேட்டிருந்தார்கள். ஆறு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. ஓரத்திலே பேராசிரியர் சிவப்பு மையினால் எழுதியிருந்தார்: 'இஃது ஆசிரியரின் கருத்தன்று. அவர் மறுக்க எடுத்துக்கொண்ட கருத்து.'

அவள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அந்நூலில் இருந்தது. ஆயினும் அவள் எழுதியது அந்நூலின் கருத்தன்று! இது மூளைக் குறைவினால் வந்ததா? இல்லவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அவள் படித்தவை பாடநூல்கள். பாடநூலில் ஒலிப்பது ஒரே குரல். அதில் அச்சேறிய எதையும் விடையாக எழுதலாம்; மதிப்பெண்ணும் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் அவள் கையில் கொடுக்கப்பட்டதோ வேறு வகை நூல். அது நீதிமன்றத்தைப் போன்றது. வாதியும் பேசுவான், பிரதிவாதியும் பேசுவான், சாட்சிகளும் பேசுவர். கடைசியில்தான் தீர்ப்பு வரும். வழக்கு நடக்கும்போது பாதியில் நுழைந்து, பிரதிவாதியின் வாதத்தைத் தீர்ப்பு எனக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புபவனை என்னவென்பது? அவன் மூடனல்லன், மன்றத்தின் வழக்கத்தை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே. பெற்றோர் படித்த வீடுகளில் இவ்வழக்கம் உணவு மேசையிலேயே பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடுகின்றது. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களோ அதைத் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியவர்களாகின்றனர். கண்டுபிடிக்கு முன்பே மனமுடைந்து திரும்பிவிடுகின்றவர்களும் உண்டு. இந்த இழப்பு நமக்குப் பெரிதாகப் படுகின்றது.

குருமடத்தில் பயின்றோர் அனைவரும் இப்பாடத்தைக் கற்றது புனித தோமாஸ் அக்குவினாசிடம். 1274ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்த அப்புனிதர் எழுதிய பெருநூல் 'சும்மா தெயோலோஜியே' என்பது. (நம் காதுக்குச் 'சும்மா' என்று ஒலித்தாலும், 'தொகைநூல்' என்பதே அச்சொல்லின் பொருள். சும்மா இருந்து எழுதிய நூலன்று!) அதன் முதற்பாகத்தில் இரண்டாம் வினா, மூன்றாம் பிரிவு, கடவுள் இருக்கின்றாரா என்பதைப் பற்றியது. அப்பிரிவைத் திறந்தவுடன் முதல் வரியிலேயே நாம் காண்பது என்ன? கடவுள் இல்லை எனத் தோன்றுகின்றது என்பது! தொடர்ந்து அதற்கு இரண்டு காரணங்கள். அளவற்ற நன்மையாகிய கடவுள் இருப்பாராயின் உலகில் தீமை எப்படி இருக்க முடியும் என்பது ஒன்று. இயற்கையும் மனித அறிவும் விருப்பமுமே உலகில் நிகழ்பவற்றை விளக்கப் போதுமாயிருக்க, கடவுள் எதற்கு என்பது மற்றொன்று. இந்த இரண்டு பத்திகளை மட்டும் நகலெடுத்து ஒரு மாணவனிடம் கொடுத்து, 'ஆசிரியரின் கருத்து யாது?' என்று கேட்டால், 'இவர் நாத்திகர்' என்றுதான் எழுதுவான். அவன் எழுதியதில் ஒவ்வொரு சொல்லும் நூலில் இருக்கும். விடை மட்டும் தலைகீழாக இருக்கும்.

தோமாசின் முறை இதுதான். முதலில் எதிர்ப்போரின் வாதங்களை, அவர்களே வந்து சொன்னாலும் இதைவிட நன்றாகச் சொல்ல இயலாது என்னும் அளவுக்கு வலிமையாக நிறுத்துவார். பின்னர், 'இதற்கு மாறாக' என்று ஒரு சான்றை வைப்பார். இவ்விடத்தில் அது விடுதலைப் பயண நூலில் ஆண்டவர் மோசேக்குத் தம் பெயரை வெளிப்படுத்திய வாக்கு. அதன் பிறகே 'நான் விடையளிக்கின்றேன்' என்று தம் சொந்தக் கருத்தைத் தொடங்குவார். புகழ்பெற்ற ஐந்து வழிகள் அங்கேதான் வருகின்றன. கடைசியில், முதலில் சொன்ன ஒவ்வொரு தடைக்கும் தனித்தனியே மறுமொழி. தோமாசை வாசிக்கத் தெரிந்தவன் 'நான் விடையளிக்கின்றேன்' என்னும் இடத்தைத் தேடிக் கண்டுகொண்டு, பிறகு முதலிலிருந்து வாசிப்பான்.

இது மேனாட்டார்க்கு மட்டும் உரிய முறையன்று. தோமாஸ் வாழ்ந்த அதே 13ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என இரு கூறுகளாக அமைந்தது. பரபக்கத்தில் பிற சமயத்தார் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பின்னரே, சுபக்கத்தில் தம் கொள்கையை அவர் நிறுவுகின்றார். பரபக்கத்தில் கூறப்படும் உலகாயதர் கொள்கையைச் சைவக் கொள்கை என்று எழுதிவைத்தால் தமிழாசிரியர் சும்மா விடுவாரா? நம் உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என எழுதிச் செல்லும் இடங்களும் இத்தகையவே. அங்கே பேசுபவர் உரையாசிரியர் அல்லர். அவர் மறுக்கப்போகும் மற்றொருவர். திருவிவிலியத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். கடவுள் இல்லை என்னும் கூற்று 14ஆம் திருப்பாடலின் தொடக்கத்திலேயே உள்ளது. ஆனால் அது யாருடைய உள்ளத்தின் கூற்று என்பதையும் அவ்வரியே சொல்லிவிடுகின்றது. யோபு நூலில் நண்பர்கள் மூவரும் பக்கம் பக்கமாகப் பேசுகின்றனர். அழகான பேச்சு, மறையுரைக்கு எடுத்தாள ஏற்ற பேச்சு என்றுகூடத் தோன்றும். கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்கின்றார் என்பதை மறந்துவிட்டு எடுத்தாள்வோமானால், ஆண்டவர் கண்டித்ததையே ஆண்டவர் வாக்கு எனப் போதித்தவர்களாவோம்.

எனவே, நூலைக் கையிலெடுக்கும் மாணவன் கேட்கவேண்டிய முதற்கேள்வி 'இது சரியா, தவறா?' என்பதன்று. 'இது யாருடைய கூற்று?' என்பதே. 'சிலர் கருதுவதுபோல', 'என நெடுநாள் எண்ணப்பட்டது', 'என்று வாதிடக்கூடும்' என்னும் தொடர்களைக் கண்டால், பென்சிலால் ஓரத்தில் 'பிறர்' என்று எழுதிக்கொள்ளட்டும். 'ஆயினும்', 'ஆனால்', 'மாறாக' என்னும் சொற்களைக் கண்டால் வட்டமிடட்டும். ஆசிரியர் தம் வாயைத் திறக்கும் இடம் பெரும்பாலும் அங்கேதான். நாம் பார்த்த வரையில், மாணவர்கள் இச்சிறு சொற்களைத்தான் தாண்டி ஓடுகின்றனர். கனமான கலைச்சொற்களின் கீழே மட்டும் கோடிடுகின்றனர். பக்கம் முழுவதும் மஞ்சள் மை பூசிய புத்தகங்களையும் கண்டிருக்கின்றோம். நலுங்கு வைத்த மணப்பெண்ணைப் போல அவை பொலிவாய் இருக்கின்றன. எது முக்கியம் என்பதை மட்டும் அவற்றால் சொல்ல முடிவதில்லை.

இரண்டாவது கேள்வி சற்றுக் கடினமானது: 'இவர் சொல்வதற்கு ஆதாரம் என்ன?' இதற்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்று நினைக்கின்றவர்கள், நம் ஊரில் ஒருவர் நிலம் வாங்குவதைப் பார்க்கட்டும். கையெழுத்திட மட்டுமே தெரிந்த பெரியவரும், விற்பவர் நீட்டுகின்ற பத்திரத்தை அப்படியே நம்பிப் பணம் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் எங்கே என்கின்றார். வில்லங்கச் சான்று கேட்கின்றார். நான்கெல்லையை அண்டை நிலத்தாரிடம் விசாரிக்கின்றார். 1960ஆம் ஆண்டு எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பத்திரத்தில் 'திண்டுக்கல் மாவட்டம்' என்றிருந்தால் என்ன செய்வார்? திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்து உருவானது 1985இல் அன்றோ! 'இது பிறகு எவனோ எழுதியது' எனச் சொல்லி எழுந்து போய்விடுவார்.

இதே வேலையை ஒருவர் 1440ஆம் ஆண்டில் செய்தார். அவர் கையிலெடுத்த பத்திரமோ ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கருக்கு உரியதன்று. உரோமை நகருக்கும், இத்தாலிக்கும், மேற்றிசை நாடுகளுக்கும் உரியது. 'கொன்ஸ்தந்தீன் அளித்த கொடை' என்பது அதன் பெயர். பேரரசர் கொன்ஸ்தந்தீன் தொழுநோயினின்று பாப்பரசர் சில்வெஸ்தரால் குணமடைந்து, அவரிடமே திருமுழுக்கும் பெற்று, நன்றிக்கடனாக இலாத்தரன் அரண்மனையையும் மேற்றிசை ஆட்சியையும் பாப்பரசருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் எழுதிக் கொடுத்தார் என்பது அப்பத்திரம் கூறும் செய்தி. இடைக்காலத்தில் நூற்றாண்டுக் கணக்காக மன்னரும் மறைநூல் வல்லாரும் இதை மெய்யென்றே நம்பினர். அதை விரும்பாதவர்கள்கூட, 'கொன்ஸ்தந்தீன் அப்படிக் கொடுத்தது தவறு' என்று வருந்தினார்களே அல்லாமல், 'கொடுத்தாரா?' என்று கேட்டவர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவர் ஜெர்மன் நாட்டுக் குருவாகிய நிக்கோலாஸ் கூசா. 1433இல் அவர், அக்காலத்து வரலாற்றாசிரியர் எவருடைய நூலிலும் இக்கொடையைப் பற்றிய குறிப்பு இல்லையே என்று எடுத்துக்காட்டினார். ஏழாண்டுகள் கழித்து லொரென்சோ வல்லா என்னும் இத்தாலியப் புலவர் இப்பத்திரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்தார். அவர் கண்டது என்ன? பேரரசரின் ஆணையில் 'சத்ராப்புகள்' என்னும் சொல் வருகின்றது. சத்ராப்புகள் பாரசீக நாட்டு ஆளுநர்கள். உரோமை மன்றத்தின் ஆணையில் அவர்களுக்கு என்ன வேலை என்று வல்லா எள்ளி நகையாடுகின்றார். இலத்தீன் மொழிநடை கொன்ஸ்தந்தீன் காலத்து நடையாக இல்லை. பிற்காலத்துக் கொச்சை நடை. எல்லாவற்றையும்விட, அப்பத்திரம் கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைமை ஆயர் பீடங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றது. பத்திரம் குறிக்கும் காலத்தில் அப்பெயரில் ஒரு நகரே இல்லை. அந்நகர் முறைப்படி தொடங்கப்பட்டதே 330ஆம் ஆண்டில்தான். நம் திண்டுக்கல் பத்திரத்தின் கதையே அங்கும்! மேலும், கொன்ஸ்தந்தீன் 337இல் மரணத் தறுவாயில்தான் திருமுழுக்குப் பெற்றார் என்று, அவர் காலத்திலேயே வாழ்ந்த ஆயர் யூசேபியுஸ் எழுதிவைத்திருக்கின்றார். இப்பத்திரம் 8ஆம் நூற்றாண்டளவில் புனையப்பட்டது என்பதே இன்று அறிஞர் பெரும்பாலோர் முடிபு.

வல்லாவையும் நாம் சும்மா விட்டுவிடக் கூடாது. அவர் இந்நூலை எழுதியபோது யாரிடம் ஊழியம் பார்த்தார்? அரகோன் மன்னர் அல்போன்சிடம். அம்மன்னரோ நேப்பிள்ஸ் நாட்டின் பொருட்டு அப்போதைய பாப்பரசர் 4ஆம் எவுஜீனியுசோடு பகைத்திருந்தவர். எனவே, பாப்பரசரின் உரிமையைக் குலைக்கும் ஒரு நூல் தம் தலைவருக்குப் பயன்படும் என்பது வல்லாவுக்குத் தெரியாததன்று. அவருடைய நடையிலும் கோபம் கொப்புளிக்கின்றது. அப்படியானால் அவர் சொன்னது பொய்யாகுமா? ஆகாது. ஒருவருடைய நோக்கத்தை அறிவது, அவரை எச்சரிக்கையோடு வாசிக்க நமக்குக் காரணமாகும். அவருடைய வாதத்தை வாசிக்காமலேயே தள்ளிவிடக் காரணமாகாது. 'இவன் இன்ன கட்சிக்காரன், ஆகவே இவன் சொல்வது தவறு' என்பது இன்று மாணவர் விடுதிகளில் மிக மலிந்த நோய். கட்சியைக் கண்டுபிடித்ததோடு வாசிப்பு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகின்றது.

பிறகு நடந்தவற்றையும் கேளுங்கள். பத்திரத்தை ஐயுற்ற நிக்கோலாஸ் கூசா கர்தினால் ஆனார். பத்திரத்தைப் பொய்யென நிறுவிய வல்லாவைப் பாப்பரசர் 5ஆம் நிக்கோலாஸ் உரோமைக்கு ஏற்று அலுவல் தந்தார். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிதிதேசை இலத்தீனில் பெயர்க்கும் பணியையும் ஒப்படைத்தார். பின்னர் வல்லா பாப்பரசரின் செயலராகவும், இலாத்தரன் பேராலயத்தின் கானனாகவும் விளங்கி, 1457இல் இறந்து, அப்பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே இலாத்தரன்தான்! எல்லாம் நேராகவே நடந்தது என்றும் நாம் சொல்ல வரவில்லை. மறுமலர்ச்சிக் காலப் பிளவின்போது வல்லாவின் நூல் திருச்சபைக்கு எதிரான படைக்கலமாயிற்று. லுத்தரும் 1520இல் அதை வாசித்துக் கொதித்தார். பின்பு அந்நூல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிலும் ஏறியது. ஆனால் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே திருச்சபை வரலாற்றைப் பெரும் தொகுதிகளாக எழுதத் தொடங்கிய கர்தினால் பரோனியுசும் அப்பத்திரத்தை மெய்யென ஏற்கவில்லை. பத்திரம் போயிற்று, பேதுருவின் பீடம் போகவில்லை. பொய்ப்பத்திரம் தாங்கி நின்ற வீடாயிருந்தால் அன்றே விழுந்திருக்கும்.

இதைப் பெற்றோருக்காகவே இத்தனை விரிவாக எழுதினோம். 'கேள்வி கேட்டுப் படிக்கத் தொடங்கினால் பிள்ளை கோயிலுக்கு வராமல் போய்விடுவானோ' என்னும் அச்சம் நம்மிடம் அடிக்கடி சொல்லப்படுகின்றது. பிள்ளைகள் கோயிலை விட்டு விலகுவதற்குக் காரணங்கள் பல. கேள்வி கேட்டதனால் விலகியவர்களைவிட, கேட்ட கேள்விக்கு 'வாயை மூடு' என்னும் விடை பெற்று விலகியவர்களையே நாம் அதிகம் கண்டிருக்கின்றோம். திருச்சபையே மறைநூலை எப்படி வாசிக்கச் சொல்கின்றது? பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1943இல் வெளியிட்ட சுற்றுமடலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாட்டைப் பற்றி அளித்த ஏட்டின் 12ஆம் எண்ணும், அவ்வாசிரியர் எந்தக் காலத்தில், எந்த இலக்கிய வகையில், என்ன உணர்த்த எண்ணி எழுதினார் எனத் தேடுமாறு கற்பிக்கின்றன. கடவுளின் வாக்கையே அவ்வாறு வாசிக்கச் சொல்லும்போது, மனிதர் எழுதிய நூல்களை அப்படி வாசிப்பதில் என்ன அச்சம்?

மூன்றாவதாக ஒன்றைச் சொல்லவேண்டும். நமக்குப் பிடிக்காததை ஆராய்வது எளிது. பிடித்ததை ஆராய்வதுதான் சோதனை. கைப்பேசிகளில் ஓயாமல் வலம்வரும் செய்தி ஒன்று உண்டு. மெக்காலே பிரபு 1835 பிப்ரவரி 2ஆம் நாள் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசினாராம். இந்தியா முழுவதும் சுற்றிவந்தும் ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ தாம் காணவில்லை என்றாராம். ஆகவே இந்நாட்டின் பழைய கல்வியை ஒழித்தாலன்றி இதை வெல்ல இயலாது என்றாராம். வாசித்தவுடன் நெஞ்சு நிமிர்கின்றது. ஆகவே எவரும் ஆராய்வதில்லை. நாளைப் பாருங்கள். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கி, உதகையிலே தலைமை ஆளுநர் பெண்டிங் பிரபுவைச் சந்தித்து, பின் கல்கத்தா சென்று, அவருடைய ஆலோசனை மன்றத்தில் சட்ட உறுப்பினராக இருந்தவர். 1835 பிப்ரவரியில் அவர் இருந்தது கல்கத்தாவில். இலண்டன் பாராளுமன்றத்தில் அன்று அவர் எப்படிப் பேசியிருக்க முடியும்? அதே நாளிட்டு அவர் எழுதியது கல்வி பற்றிய குறிப்பு. அதில் அவர் நம் நாட்டை வியக்கவில்லை. நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரி இந்தியாவும் அரேபியாவும் படைத்த நூல்கள் அனைத்துக்கும் ஈடாகும் என்னும் கருத்தைத்தான் எழுதினார். அவரைக் கண்டிக்க விரும்புவோர்க்கு அதுவே போதுமே! மெய்யான சான்று அச்சிலே கிடக்க, பொய்யானதைக் கொண்டுபோய் வாதிட்டால், எதிரி அப்பொய்யைக் காட்டி நம் மெய்யையும் தள்ளிவிடுவான்.

நம் வீட்டுக்குள்ளேயே ஒன்று: நம்மை அமைதியின் கருவியாக்க வேண்டும் எனக் கேட்கும் செபத்தைப் 'புனித பிரான்சிஸ் அசிசியாரின் செபம்' என்றே சொல்லி வருகின்றோம், பாடியும் வருகின்றோம். அப்புனிதர் இறந்தது 1226இல். அச்செபமோ இதுவரை கண்டறியப்பட்ட வரையில், 1912ஆம் ஆண்டு பாரீசில் ஒரு பிரெஞ்சுப் பக்தி இதழிலே, ஆசிரியர் பெயரின்றி முதன்முதலாக அச்சானது. பிரான்சிசின் எழுத்துகளில் அஃது இல்லை. இதை ஒருமுறை சொன்னபோது ஒரு பெரியவர் வருந்தி, "அப்படியானால் இனிச் சொல்லக்கூடாதா, சாமி?" என்று கேட்டார். ஏன் சொல்லக்கூடாது? செபம் நல்ல செபம். மேலே ஒட்டிய பெயர்தான் பிழை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் முறம்.

இனி, செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ராபின்சன் என்பவர் 1946இல் வெளியிட்ட ஐந்து படிகள் இன்றும் கற்பிக்கப்படுகின்றன: முதலில் மேலோட்டமாகப் புரட்டுவது, தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றிக்கொள்வது, விடை தேடி வாசிப்பது, நூலை மூடிவிட்டுத் தன் சொல்லில் ஒப்பிப்பது, பின்னர் மீள்பார்வை. இவற்றுள் பிள்ளைகள் விட்டுவிடுவது நான்காவது படியை. நூலை மூடுவதற்கு அவர்களுக்கு மனம் வருவதில்லை! இப்போது நூலைத் திறக்காமலேயே சுருக்கம் தருகின்ற இயந்திரங்களும் வந்துவிட்டன. சுருக்கத்தை வாசிப்பவனுக்கு முடிவு கிடைக்கும்; யார் எதை மறுத்து அம்முடிவுக்கு வந்தார் என்பது கிடைக்காது. வாசிப்பைப் பற்றி 1940இல் ஒரு நூல் எழுதிய மார்ட்டிமர் ஆட்லர், ஆசிரியரைப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாதவனுக்கு, அவரோடு ஒத்துப்போகவும் உரிமையில்லை, மறுக்கவும் உரிமையில்லை என்னும் விதியை வலியுறுத்தினார். யூதக் குடும்பத்தில் பிறந்து, வாழ்நாளெல்லாம் தோமாசைப் பயின்று, 1999இல் நம் திருச்சபையில் சேர்ந்தவர் அவர். ஒத்துப்போகவும் உரிமையில்லை என்பதைக் கவனியுங்கள். புரியாமல் தலையாட்டுவதும் ஆசிரியருக்குச் செய்யும் அநீதியே.

கொத்தனார் மகளுக்கு நாம் சொன்னது இவ்வளவுதான்: அந்த நூலையே மீண்டும் எடு, 'பிறர்' என்றும் 'ஆசிரியர்' என்றும் ஓரத்தில் எழுதிக்கொண்டு வா, வேறெதுவும் செய்யாதே. நான்கு நாளில் முடித்துக் கொண்டுவந்தாள். சில இடங்களில் 'தெரியவில்லை' என்றும் எழுதியிருந்தாள். அவற்றுள் இரண்டு இடங்களில் நமக்கும் தெரியவில்லை. அந்நூலாசிரியரே தெளிவின்றி எழுதியிருந்தார். அதைக் கட்டுரையில் எழுதலாமா என்று தயங்கிக் கேட்டாள். எந்தப் பக்கம், எந்த வாக்கியம் என்று காட்டி எழுதினால், வினாத்தாள் கேட்கின்ற விமர்சனம் அதுவே என்றோம். இப்போது அவள் இரண்டாம் ஆண்டு படிக்கின்றாள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதில் உதவலாம். இரவு உணவின்போது, அன்று வாசித்ததைப் பிள்ளை தமிழில் சொல்லட்டும். 'இதை யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவது மாற்றிச் சொல்கின்றார்களா?' என்று நிலம் வாங்கும்போது கேட்பதுபோலக் கேளுங்கள். விடை தெரியாமல் பிள்ளை எழுந்துபோய் நூலைத் திறந்தால் சோறு ஆறட்டும், திட்டாதீர்கள்.

நம் பங்கு நூலகத்தில் வரும் மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பின், மேலே கூறிய தோமாசின் அந்த ஒரு பிரிவைத் தமிழாக்கிப் படியெடுத்து வைத்திருப்போம். இரண்டு பக்கம்தான். கல்லூரிப் பிள்ளைகள் வரலாம். பெற்றோரும் உடன் அமரலாம். பென்சில் கொண்டுவாருங்கள்.